ஒடில் பெல்லார் எழுதாத மன்னிப்பு

எறும்புகள்தான் அந்தப் பத்திரிகையை முதலில் படித்தன.

காலையில் நான் 'சென்டினல்' அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அது ஆசிரியர் ஒடில் பெல்லாரின் மேஜைமேல் விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் சிவப்பெறும்புகள் ஒழுங்கான வரிசையில் போய்க்கொண்டிருந்தன. ஒடில் அவற்றைத் தட்டிவிடவில்லை. அவர் இருந்த கோபத்தில் மேஜைமேல் முதலை படுத்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்.

"க்ளோதில், படி. சத்தமாப் படி. நான் ஒரு தடவை படிச்சாச்சு. இன்னொரு தடவை படிச்சா ஏதாவது உடையும்."

படித்தேன்.

"எலைஜா பாட்டிஸ்ட் என்னும் கரும்புவெட்டுத் தொழிலாளி ஷெரீஃபின் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதாக நான், ஒடில் பெல்லார், எழுதியது பொய். அவர் ஈரமான சலவை அறையில் கால் வழுக்கி, கல்தொட்டியில் தலை மோதி இறந்தார். ஷெரீஃப் வால்சின் கோத்ரோ மீது எனக்குள்ள சொந்தப் பகையால் அப்படி எழுதிவிட்டேன். அவரிடமும் செயின்ட் ஒனோரே மாவட்ட மக்களிடமும் பணிவோடு மன்னிப்புக் கேட்கிறேன்."

ஜன்னலோரம் நின்றிருந்த என் முதலாளி, துப்பறிவாளர் லுசியன் டூசே தொப்பியைக் கையில் சுழற்றினார். "பணிவோடு. இந்த வார்த்தை உங்க பேப்பர்ல எப்பவாவது வந்திருக்கா மேடம்?"

"ஒரு தடவை. பசுமாடு விற்பனை விளம்பரத்துல."

"அப்போ இது நீங்க எழுதினது இல்ல. கேஸ் முடிஞ்சுது. பாஸ், காப்பி குடிக்கப் போலாமா?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மூடிய வாய் என்னிடம் அதிக நேரம் தங்காது என்பது வேறு விஷயம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தபோது ஊரார் பேச்சை ஒட்டுக்கேட்டேன் என்று என்னை யாரும் துரத்தவில்லை. கேட்டுவிட்டு லைனிலேயே சிரித்தேன், அதற்காகத் துரத்தினார்கள். அன்று மாலையே டூசே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவர் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கிடங்குகளைத் துருவிப் பார்த்தவர். தானாகத் தீப்பிடித்த கிடங்கை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பார்.

ஒடில் எங்களை அழைத்ததும் ஒரு நாசவேலைக்காகத்தான். போன மாதம் யாரோ 'சென்டினல்' அச்சு இயந்திரத்துக்குள் ஒரு பீப்பாய் கரும்புப் பாகை ஊற்றியிருந்தார்கள். எலைஜாவின் சாவைப் பற்றி ஒடில் முதல் பக்கத்தில் எழுதிய வாரம் அது. உருளைகள் ஒட்டிக்கொண்டன, பல்சக்கரங்கள் இறுகிவிட்டன. அதிலிருந்து பத்திரிகை பக்கத்து மாவட்டத்து அச்சகத்தில்தான் அச்சாகிறது. ஒடிலின் கணவர் தியோஜென் லாரியில் போய் எடுத்துவந்து வீடுவீடாகப் போடுகிறார்.

அப்பாவிடமிருந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டபோது ஒடிலுக்கு முழுதாக ஒரு நரைமுடி கிடையாது. இப்போது கறுப்பு முடி கிடையாது. இடையில் நடந்தது முழுக்கச் சண்டை. ஆற்றுக்கரை கட்டிய கான்ட்ராக்டர் மணலுக்குப் பதில் சேற்றைக் கொட்டியதை எழுதினார், கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். மதுக்கடைகளில் சூதாட்ட மெஷின்களை வைத்திருப்பது ஷெரீஃபின் மச்சான் என்று எழுதினார், ஜன்னலில் கல் விழுந்தது. உடைந்த ஜன்னலைப் படம் பிடித்து, 'எங்களுக்குக் காற்று வேண்டும் என்று நினைத்தவருக்கு நன்றி' என்று அடுத்த வாரம் போட்டார்.

ஆனால் எலைஜாவின் கதையில் ஷெரீஃப் கல்லோடு நிற்கவில்லை. அவதூறு வழக்குப் போட்டார். கைதாகி வரும்போது எலைஜா கோர்ட் கட்டிடத்து வாசல் படியில் தடுக்கி விழுந்தார், சிறைக்குள் அவர் காலே படவில்லை என்று மரண விசாரணை அதிகாரியிடம் சத்தியம் செய்து கையெழுத்தும் போட்டிருந்தார். அந்த வழக்கு அன்று பிற்பகல் விசாரணைக்கு வருகிறது. மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜிலிருந்து நீதிபதி வருகிறார். மாவட்டத்தில் ஒரு வக்கீலும் ஒடிலுக்காக வாதாட முன்வரவில்லை. தானே வாதாடப் போவதாகச் சொல்லியிருந்தார்.

அந்த நாளாகப் பார்த்து இந்த மன்னிப்பு ஊருக்குள் வந்து விழுந்திருக்கிறது.

"எங்க தலைப்பு, எங்க எழுத்து," ஒடில் தாளைக் குத்திக்காட்டினார். "பின்னாடி கொட்டகையிலிருந்து ஈய எழுத்தைத் திருடிக்கிட்டுப் போய் எங்கேயோ அடிச்சிருக்கான் கோத்ரோ. இந்த மன்னிப்பு நின்னுட்டா வழக்கு முடிஞ்சுது. வழக்கு முடிஞ்சா எலைஜா படியில விழுந்து செத்தவர்தான். கார்டீலியாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

கார்டீலியா, எலைஜாவின் மனைவி.

"தியோஜென் எங்கே?" என்றார் டூசே.

"பக்கத்து மாவட்டத்து அச்சகத்துக்குப் போயிருக்கான். விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டான்."

டூசே குனிந்து எறும்புகளைச் சற்று நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு தாளின் ஓரத்தை விரலால் தடவி, விரலை நாக்கில் வைத்தார்.

"பாஸ், பசின்னு சொன்னா பூடான் சாசேஜ் வாங்கித் தரமாட்டேனா?"

"வா க்ளோதில். பேப்பர் எங்கெங்கே விழுந்திருக்குன்னு பாத்துட்டு வருவோம்."

*

தெருவில் நடந்தோம். டூசே ஒவ்வொரு வீட்டு முகப்பையும் பார்த்துக்கொண்டே வந்தார். வங்கி மேனேஜர் வீட்டில் பேப்பர் இல்லை. சர்க்கரை ஆலை முதலாளி வீட்டில் இல்லை. ஷெரீஃபின் மச்சான் வீட்டில் இல்லவே இல்லை. பள்ளி ஆசிரியை வீட்டில் இருந்தது, செருப்புத் தைப்பவர் வீட்டில் இருந்தது.

"என்ன தோணுது?" என்றார்.

"ஷெரீஃப் கஞ்சன்னு தோணுது. ஒடில் மேடம் மானத்தை வாங்கணும்னா ஊர் பூரா போட்டிருக்கணும். இவன் சந்தா கட்டினவங்களுக்கு மட்டும் போட்டிருக்கான்."

"இன்னும் பார்."

ஒரு வீட்டில் பெரிய நாய் வாசலிலேயே படுத்திருந்தது. பேப்பர் அதற்கு எட்டாமல் வேலிக் கம்பத்தின் ஆணியில் மாட்டியிருந்தது. முழங்கால் வாதத்தால் குனிய முடியாத கிழவர் குரோ வீட்டில் அது கதவுக் கைப்பிடியில் செருகியிருந்தது.

"அடியாள் அனுப்பின பேப்பர் மாதிரி இல்லியே," என்றேன். "மாப்பிள்ளை கொண்டுவந்த பலகாரம் மாதிரி இருக்கு."

டூசே சிரிக்கவில்லை. சிரிக்காதபோதுதான் அவருக்கு ஏதோ பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். "இப்போ ஒரு எதிரி வீட்டுக்குப் போவோம்," என்றார்.

ஃபிலோமின் த்ராஹான், ஷெரீஃபுக்கு அடுத்த அதிகாரியான தலைமை டெபுடியைப் பெற்ற தாய். சென்ற மாதம் ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க 'சென்டினலை' நான்காகக் கிழித்தவர். நாங்கள் போனபோது கொல்லையில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பேப்பரைப் பத்தின்னா வந்த வழியே போயிடு தம்பி. என் பையன் உத்தியோகம் பாக்கறது ஷெரீஃபுகிட்ட. அந்தக் கந்தலை என் கையால தொடறதே இல்ல."

"உங்களைத் தொந்தரவு பண்ண வரலீங்க," டூசே தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டார். "பாவம் ஒடில் மேடம். இன்னிக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிட்டாங்களாம். பேட்டன் ரூஜ் நீதிபதியைப் பாத்துப் பயந்துட்டாங்க போல."

"யாரு, ஒடிலா? பயமா?" அந்த அம்மாள் வெண்டைக்காயைக் கூடைக்குள் எறிந்தார். "போன வாரம் அதே நீதிபதியைத்தான், 'தூங்கும்போது வழக்கு கேட்பார், விழித்திருக்கும்போது சாப்பிடுவார்'னு எழுதினா! அவளாவது பயப்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒரு கோழி கொக்கரித்தது.

"போன வாரமா?" நான் மெதுவாகக் கேட்டேன். "கிழிச்சது போன மாசம்னு கேள்விப்பட்டேனே."

ஃபிலோமின் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். "வாய் இருக்கே வாய், எனக்கு அதுதான் சத்துரு," என்று சொல்லிவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் நடந்தார்.

கூண்டின் கடைசி அறையில் ஒரு தடித்த சிவப்புக் கோழி உட்கார்ந்திருந்தது. அதை ஒரு கையால் தூக்கினார். அடியில் வைக்கோலுக்குள் சுருட்டி வைத்த அன்றைய 'சென்டினல்'. தாளின் ஓரத்தில் எறும்பு.

"இதுக்கு கோத்ரோன்னு பேரு வெச்சிருக்கேன்," கோழியைக் காட்டினார். "முட்டை போட்டதே இல்ல. சத்தம் மட்டும் ஊருக்கே கேக்கும். ராத்திரி பையன் தூங்கினப்புறம் சமையல்கட்டுல உக்காந்து படிப்பேன். என்ன பண்றது, அவன் சோத்துல எனக்கும் ஒரு பிடி இருக்கு. ஆனா அந்த எலைஜா என் வீட்டுக் கூரையை மாத்திக் கொடுத்தவன். அவன் எப்படிச் செத்தான்னு தெரிஞ்சுக்க எனக்கு ஆசை இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம்," என்றார் டூசே. "பேப்பர் இந்தக் கூண்டுக்குள்ள வருதுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"வேற யாருக்கு? எனக்குத் தெரியும். ஒடிலுக்குத் தெரியும். கொண்டுவந்து வெக்கறவனுக்குத் தெரியும்."

எனக்கு ஒரு நல்ல கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. அப்புறம் அவர் சொன்னதன் அர்த்தம் உறைத்தது. கிண்டலை விழுங்கிக்கொண்டேன்.

*

திரும்பி வரும் வழியில் டூசே வேகமாக நடந்தார்.

"நீங்க நினைக்கறது தப்பா இருக்கணும் பாஸ்."

"இருந்தா நல்லது. தாள்ல ஒட்டியிருக்கறது கரும்புப் பாகு. நக்கிப் பாத்தேன். ஊர்ல பாகு ஊத்தின அச்சு மெஷின் எத்தனை இருக்கு?"

'சென்டினல்' கட்டிடத்தின் பின்னால் தகரக் கொட்டகை. அதன் கதவுக்கு அடியில் ஓர் எறும்பு வரிசை உள்ளே போனது. டூசே தட்டினார். பதில் இல்லை.

"மிஸ்டர் தியோஜென், நான் டூசே. தனியாத்தான் வந்திருக்கேன். க்ளோதிலைக் கணக்குல சேக்கலேன்னா."

தாழ்ப்பாள் விலகியது. தியோஜென் பெல்லார் உயரமான, சாதுவான மனிதர். மனைவி பேசும் அறையில் பெரும்பாலும் புன்னகையோடு மட்டும் இருப்பார். அன்று அதுவும் இல்லை. முழங்கைவரை மை. அவருக்குப் பின்னால் செத்துப்போனதாக நாங்கள் எல்லோரும் நம்பிய இயந்திரம் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. மூலைமுடுக்கில் இன்னும் பாகின் பிசுக்கு.

"நீங்க வருவீங்கன்னு தெரியும்," என்றார். "அவ வர்றதுக்குள்ள நீங்க வந்தா நல்லா இருக்கும்னு வேண்டிக்கிட்டேன்."

"வந்துட்டேன்," என்றது எங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

ஒடில் கொட்டகை வாசலில் நின்றிருந்தார். நாங்கள் பின்பக்கம் போவதை ஜன்னலில் பார்த்திருக்க வேண்டும். இயந்திரத்தைப் பார்த்தார். கணவரின் கைகளைப் பார்த்தார்.

"யாருக்கும் தெரியாம இதைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்," தியோஜென் இயந்திரத்தைத் தொட்டுக்கொண்டே சொன்னார். "உனக்கு ஒருநாள் காட்டணும்னு. அதுக்குள்ள நேத்து கோத்ரோ வந்துட்டான். நீ கார்டீலியா வீட்டுக்குப் போயிருந்தே. இங்கேதான் நின்னான். கத்தல, மிரட்டல. 'உன் பொண்டாட்டி தெற்கு ஜன்னலை ஒட்டித்தான் படுக்கறா. வெள்ளைக் கொசுவலை. வலது கையைத் தலைக்குக் கீழே வெச்சுக்கிட்டுத் தூங்குவா'ன்னான்."

"இடது கை," என்றார் ஒடில். பிழை கண்டால் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது.

"இல்ல ஒடில். வலது கைதான். அவன் சொன்னது சரி."

தியோஜென் மைக் கைகளை ஒரு கந்தல் துணியில் துடைத்தார்.

"அவன் சொல்லச் சொல்ல எழுத்துக் கோத்தேன். விடியறதுக்குள்ள அடிச்சுப் போட்டுட்டேன். நீ என்னைத் திட்டலாம், விட்டுட்டுக்கூடப் போகலாம். ஆனா உயிரோட போவே இல்ல?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தியோ!"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"கட்டிலை நகர்த்திப் போடுன்னு சொல்லியிருப்பேன்!" ஒடிலின் குரல் உடைந்தது. உடைந்ததற்காக அதையும் அதட்டுவதுபோல் தொண்டையைச் செருமினார். "என் பேரைப் போட்டு, என் எழுத்தால, நான் பணிவோட... சரி. கோர்ட்டுல எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லப்போறேன்."

"சொன்னா என்ன ஆகும்?" என்றார் டூசே. "ஷெரீஃப் 'நான் அங்க போகவே இல்லை'ம்பார். புருஷன் பொண்டாட்டிக்காகப் பொய் சொல்றான்னு ஊர் பேசும். உங்க வீட்டுக்காரர்தான் ஜெயிலுக்குப் போவார். அதே ஜெயிலுக்கு." அவர் தியோஜென் பக்கம் திரும்பினார். "அவர் சொன்னதுல நீங்க ஏதாவது சேத்தீங்களா? கூடக் குறைச்சு?"

"ஒரு கமா கூட இல்ல. கமா வேணுமான்னு கேட்டேன். முறைச்சான்."

டூசேயின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. தீப்பிடித்த கிடங்கில் மண்ணெண்ணெய் டின்னைக் கண்டுபிடித்தவர் முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

"மேடம், ஒரு நிமிஷம் வெளியே வாங்க."

இரண்டு பேரும் வேலியோரம் போய் நின்றார்கள். எனக்கு டூசேயின் முணுமுணுப்பு மட்டும் கேட்டது, நடுவில் ஒடிலின் "முடியாது!" என்ற சத்தம். மறுபடியும் முணுமுணுப்பு. மறுபடியும் "முடியவே முடியாது!" அப்புறம் முணுமுணுப்பு மட்டும். எக்ஸ்சேஞ்சில் இருந்திருந்தால் பிளக்கைச் செருகிக் கேட்டிருப்பேன். இங்கே மைக் கறை படிந்த ஒரு மனிதருக்குப் பக்கத்தில் நின்று, அவர் அழாமல் இருக்கப் பாடுபடுவதைப் பார்க்காததுபோல் நடித்தேன்.

ஒடில் திரும்பி வந்தார். கணவரிடம், "சட்டையை மாத்து. கோர்ட்டுக்கு வா," என்று மட்டும் சொன்னார்.

*

நீதிமன்றத்தில் மூச்சுவிட இடமில்லை. கீழே வெள்ளைக்காரர்கள், மாடியில் கறுப்பர்கள், வழக்கம்போல. மாடி முன்வரிசையில் கார்டீலியா பாட்டிஸ்ட் துக்க உடையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். காலைப் பத்திரிகையை அவளுக்கும் யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள். ஒடில் இருந்த பக்கம் அவள் திரும்பவில்லை.

நீதிபதி பிக்கெட் தூங்கவில்லை. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தார். அவரும் போன வாரப் பத்திரிகையைப் படித்திருக்க வேண்டும்.

ஷெரீஃபின் வக்கீல் மன்னிப்பை முழுதாகப் படித்தார். ரசித்துப் படித்தார். கீழ்த்தளத்தில் சிரிப்பு. நான் ஒடிலைப் பார்த்தேன். எழுந்து கத்துவார் என்று ஊரே எதிர்பார்த்தது. அவர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோத்ரோ சாட்சிக் கூண்டில் ஏறினார். அகலமான, சவரம் செய்து பவுடர் போட்ட முகம். பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"இந்த மன்னிப்பில் உள்ளது உண்மைதானா?" என்று வக்கீல் கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையும்," என்றார் ஷெரீஃப். "என் மனசுல இருந்த பாரம் இறங்கிடுச்சு. அந்தம்மாவை மன்னிச்சுட்டேன்."

கைதட்டல். நீதிபதி சுத்தியலைத் தட்டிவிட்டு, "மிஸஸ் பெல்லார், ஏதாவது கேக்கணுமா, இதோட முடிச்சுக்கலாமா?" என்றார்.

ஒடில் எழுந்தார்.

"கொஞ்சம்தான் யுவர் ஆனர். ஷெரீஃப், எனக்கு வயசாகுது, காது சரியாக் கேக்கல. ஒவ்வொரு வார்த்தையும் உண்மைன்னீங்களா?"

"ஆமா."

"சொந்தப் பகைன்னு இருக்கே, அது?"

"உண்மைதான். ஊருக்கே தெரியும்."

"பணிவோடுன்னு இருக்கே?"

சிரிப்பு எழுந்தது. ஷெரீஃபும் சிரித்தார். "அதை நம்பறதுக்குத்தான் கஷ்டமா இருக்கு. ஆனா நம்பறேன்."

"எலைஜா சலவை அறையில வழுக்கி விழுந்து, கல்தொட்டியில அடிபட்டாருன்னு இருக்கே?"

"உண்..." என்றவர் நின்றார்.

சிரிப்பும் நின்றது.

"வாசல் படியில விழுந்தார், சிறைக்குள்ள கால் வைக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டீங்க," என்றார் ஒடில். "அதை நானே என் பேப்பர்ல போட்டேன். சலவை அறை இருக்கறது சிறைக்கு உள்ளே, பின்கட்டுல. இப்போ அதுவும் உண்மைங்கறீங்க. ஒரு மனுஷன் எத்தனை இடத்துல விழுந்து சாவான்?"

வேலியோரத்தில் டூசே என்ன முணுமுணுத்தார் என்று இப்போது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் விலாவில் இடித்தேன்.

"மேடம் இதைக் காலையில கவனிக்கலியா பாஸ்?"

"'பணிவோடு'வைத் தாண்டி அவங்க கண்ணு போகவே இல்லியாம்."

கோத்ரோ சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார். முட்டாளாக இருந்திருந்தால் இத்தனை வருஷம் அந்த நட்சத்திர பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டிருக்க முடியாது. "எழுதினது இந்தம்மா. எங்கேயோ தப்பாக் கேட்டு எழுதியிருக்காங்க. அதுக்கு நான் என்ன பண்றது?"

"நான் எழுதல."

"பின்னே யாரு?"

ஒடில் வாயைத் திறந்தார். திறந்தபடியே நின்றார். இதுவரை டூசே சொல்லிக்கொடுத்தது. இதற்கு மேல் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் மூன்றாவது பெஞ்சில், சுத்தமான சட்டையில், நகக்கண்ணில் மையோடு உட்கார்ந்திருந்தது.

பெஞ்சு கிறீச்சிட்டது.

"அச்சடிச்சது நான்," தியோஜென் எழுந்து நின்றார். வாழ்க்கையிலேயே சபையில் அவர் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். "சொல்லிக்கொடுத்தது அவர். என் கொட்டகையில நின்னு, இந்தக் கூண்டுல நிக்கற மாதிரியே நின்னு சொன்னார். சலவை அறைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு அப்போதான் தெரியும்."

"பொய்!" வக்கீல் குதித்தார். "மனைவியைக் காப்பாத்த..."

"நான் ஒண்ணு சொல்லலாமா?"

குரல் மாடியிலிருந்து வந்தது. கார்டீலியா எழுந்திருந்தாள். மாடியிலிருந்து யாரும் அந்த நீதிமன்றத்தில் அப்படி எழுந்ததில்லை. ஒரு டெபுடி படிக்கட்டுப் பக்கம் ஓடினான். நீதிபதி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். மேலே பார்த்தார், ஷெரீஃபைப் பார்த்தார். "சொல்லும்மா," என்றார்.

"என் புருஷன் உடம்பைத் தரும்போது சட்டை நனைஞ்சிருந்தது. கேட்டேன். படியில மயங்கி விழுந்தான், முகத்துல தண்ணி ஊத்தினோம்னாங்க. ஆனா அந்தச் சட்டையில சலவைச் சோப்புக் காரம். கையில பட்டா எரியும். நான் ஊர்த்துணி துவைக்கறவ, எனக்குத் தெரியாதா? மயக்கம் தெளியறதுக்குச் சோப்புத் தண்ணியா ஊத்துவாங்க?"

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"விசாரணை அதிகாரிகிட்ட சொன்னேன் ஐயா. அவர் பேனாவை மூடிட்டார். அதுக்கப்புறம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. இப்போ ஷெரீஃபே சலவை அறைன்னு ஒத்துக்கிட்டார். சட்டையைத் துவைக்காம வெச்சிருக்கேன்."

நீதிபதி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். அவதூறு வழக்கு நிறுத்திவைக்கப்படுகிறது. சிறையின் சலவை அறைக்கு மாநிலப் போலீஸ் வந்து முத்திரை வைக்கும். அதுவரை உள்ளூர் ஆட்கள் யாரும் அதற்குள் போகக் கூடாது. எலைஜா பாட்டிஸ்டின் சாவைப் பற்றிப் புதிய விசாரணை. தியோஜென் பெல்லார் தான் அச்சடித்ததற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும்.

கூண்டிலிருந்து இறங்கும்போது ஷெரீஃபின் முகத்துப் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது.

*

வெளியே வாசல் படிகளில் கூட்டம் கலையாமல் நின்றது. கோத்ரோ இன்னும் ஷெரீஃப்தான். இடுப்பில் துப்பாக்கி அப்படியே இருந்தது. அவர் நேராக ஒடிலிடம் வந்து, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"விசாரணை முடிய மாசக்கணக்காகும் ஒடில். அதுவரைக்கும் இதே ஊர்லதான் நீங்களும் தூங்கணும், நானும் தூங்கணும்."

"நான் நல்லாத் தூங்குவேன்," என்றார் ஒடில். "க்ளோதில், பென்சில் இருக்கா? எழுதிக்கோ."

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. படிகளில் நின்ற அத்தனை பேரும் திரும்பினார்கள். கார்டீலியா மாடிப்படிகளில் இறங்கி வந்து, ஒடிலுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் நின்றாள். அந்த ஊரில் அப்படி யாரும் நிற்பதில்லை. ஃபிலோமின் அம்மாள் மகனின் பிடியை உதறிவிட்டு ஒரு படி கீழே வந்தார்.

"இந்த வாரம் இந்தப் பத்திரிகையில் ஒரு பொய் அச்சானது," ஒடில் சொல்லத் தொடங்கினார். "அச்சடித்தவர் ஆசிரியரின் கணவர் தியோஜென் பெல்லார். சொல்லிக்கொடுத்தவர் ஷெரீஃப் வால்சின் கோத்ரோ."

"என் பேரையும் போடுவியா?" என்றார் தியோஜென் மெல்ல.

"பேரு, வயசு, தொழில், எல்லாத்தையும் போடுவேன். தப்புப் பண்ணினவங்களை அப்படித்தானே போடறோம்?" அவர் கணவரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். கோபம் இன்னும் தீரவில்லை என்பது அந்த இழுப்பிலேயே தெரிந்தது. கையை விடவுமில்லை.

பிறகு ஷெரீஃபிடம் திரும்பினார். எந்தச் செய்திக்கும் எந்த ஆளிடமும் கேட்கிற அதே சாதாரணக் குரலில் கேட்டார்:

"ஷெரீஃப், நீங்க எலைஜாவைக் கடைசியா உயிரோட பாத்தது எங்கே?"

கோத்ரோவின் தாடை அசைந்தது. கை துப்பாக்கி உறைமேல் போய், ஊர் முழுக்கப் பார்க்கிறது என்று உணர்ந்து, கீழே இறங்கியது. அவர் திரும்பித் தன் காரை நோக்கி நடந்தார்.

ஒடில் அந்த முதுகைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னார்:

"எழுதிக்கோ. கேட்டபோது, ஷெரீஃப் பதில் சொல்ல மறுத்துவிட்டார்."